புயலை ஊளையிட்டு விரட்டிய நரி

ஊளையன் என்ற நரியோடு அந்தக் காட்டில் யாரும் பேசுவதில்லை.

கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல ஒரு நிலமுனை. அதில்தான் அந்தக் காடு இருந்தது. கிழக்கேயும் கடல், தெற்கேயும் கடல். நடுவில் கிழக்கு மேற்காக நீளமாக ஒரு மணல்மேடு கிடந்தது. மேட்டுக்கு வடக்கே பாலை மரங்களும் முட்புதர்களும் அடர்ந்திருந்தன. தெற்குச் சரிவில் கொஞ்சம் புதர், அதற்கப்பால் சேற்றுவெளி, அதற்கப்பால் அலை.

அங்கே வெளிமான்கள் மந்தையாக மேய்ந்தன. முயல்கள் வளை தோண்டி வாழ்ந்தன. பன்றிகள் கிழங்கு கிளறின. ஊளையனைக் கண்டால் முயல்கள் ஓடும். மான்கள் தலையைத் தூக்கும். பன்றிகள் முதுகைத் திருப்பிக்கொள்ளும். இத்தனைக்கும் ஊளையன் வேட்டையில் கெட்டிக்கார நரி அல்ல. சேற்று நண்டையும் இலந்தைப் பழத்தையும் தின்றே காலத்தைத் தள்ளியது. ஆனாலும் நரி நரிதானே. பக்கத்தில் போனால் எல்லோரும் விலகுவார்கள். மாலையில் மற்றவை கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, அது தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

ஐப்பசி பிறந்தால் அந்தக் கடலுக்குப் புயல் காலம். எங்கோ நடுக்கடலில் மேகம் கூடும், சுழலும், பெரிதாகும். பிறகு எந்தக் கரைக்குப் போவது என்று யோசிப்பதுபோல மெல்ல நகரும். எந்தக் கரை என்று யாராலும் சொல்ல முடியாது. சில ஆண்டுகளில் ஒன்றுமே வராது. சில ஆண்டுகளில் ஒன்று போனதும் இன்னொன்று வரும்.

அந்த ஆண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

முதல் புயலின்போது, காற்றுக்கு முன்பே அலை வந்துவிட்டது. நீளமான, சோம்பலான அலைகள். யாரோ கடலுக்கு அடியில் முதுகைக் கொடுத்துத் தூக்கித் தூக்கி இறக்குவதுபோல இருந்தது. கிழக்கு வானம் செம்பு நிறமானது. பிறகு வாடைக்காற்று வேகம் பிடித்தது. விலங்குகள் எப்போதும் செய்வதுபோல மணல்மேட்டைத் தாண்டி, காற்றுப் படாத தெற்குச் சரிவில் ஒண்டிக்கொண்டன.

ஊளையன் மட்டும் மேட்டின் உச்சியில் நின்றது. கூட்டத்தோடு ஒண்ட அதற்கு இடம் கிடைக்கவில்லை. தொடுவானம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்த மேகத்தைப் பார்த்ததும் அது பயந்துபோனது. தன்னை அறியாமல் தலையைத் தூக்கி ஊளையிட்டது. விடாமல், தொண்டை வறளும்வரை ஊளையிட்டது.

மேகம் நகர்ந்து நகர்ந்து வடக்கே போய்விட்டது. காற்று அடங்கியது.

பஞ்சி என்ற தாய் முயல் சரிவிலிருந்து மேலே ஏறி வந்தது. அதற்குப் பின்னால் அதன் மூன்று குட்டிகள். பஞ்சி நரிக்கு வெகு அருகில் வந்து நின்றது.

"அண்ணே, நீங்க ஊளையிட்டதும் அது திரும்பிப் போயிடுச்சே" என்றது.

ஊளையன் வாயைத் திறந்தது. 'பயத்தில் கத்தினேன்' என்றுதான் சொல்ல வந்தது. ஆனால் இதுவரை எந்த முயலும் அதன் எதிரில் இப்படி நின்றதில்லை. யாரும் அதை அண்ணே என்று கூப்பிட்டதும் இல்லை. குட்டிகள் ஓடாமல் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

ஊளையன் வாயை மூடிக்கொண்டது. லேசாகத் தலையை மட்டும் ஆட்டியது.

அவ்வளவுதான். அன்று மாலைக்குள் காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

இரண்டாவது புயல் அதே மாதக் கடைசியில் தலைகாட்டியது. இந்த முறை விலங்குகளே ஊளையனைத் தேடி வந்து மேட்டுக்கு அழைத்துப் போயின. அது பயந்துகொண்டேதான் போனது, ஊளையிட்டது. அந்தப் புயலோ கடலிலேயே வலுவிழந்து வெறும் மழையாகக் கொட்டித் தீர்த்தது. காய்ந்து கிடந்த குட்டைகளெல்லாம் நிரம்பின. தவளைகள் இரவும் பகலும் கத்தின.

அதற்குப் பிறகு ஊளையனின் வாழ்க்கையே மாறிப்போனது. பன்றிகள் கிளறிய கிழங்கில் அதற்கு ஒரு பங்கு கிடைத்தது. மான் மந்தை மேயும்போது அது நடுவில் படுத்துக்கொண்டது, யாரும் விலகவில்லை. மாலைக் கூட்டத்தில் எல்லோரும் அதன் பேச்சுக்குக் காத்திருந்தார்கள். புயலை எப்படி விரட்டுவது என்று கேட்டார்கள். ஊளையன் முதலில் மழுப்பியது. பிறகு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அடிவயிற்றிலிருந்து ஊளை வர வேண்டும் என்றது. புயலின் நடுநெற்றியைப் பார்த்து ஊளையிட வேண்டும் என்றது. ஒரு பன்றி முயற்சி செய்து பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள், ஊளையனும் சிரித்தது. இவ்வளவு நாள் இந்தச் சிரிப்புக்கு வெளியிலேயே இருந்துவிட்டோமே என்று அதற்கு வருத்தமாகவும் இருந்தது.

அது பசியோடு படுத்த நாளில்கூடப் பஞ்சியின் குட்டிகளைத் தொட்டதில்லை. அவை அதன் வாலைப் பிடித்து விளையாடின. அது கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தது.

கார்த்திகையில் மூன்றாவது புயல் வந்தது.

முதலில் தும்பிகள் காணாமல் போயின. அடுத்து, சேற்றுவெளியில் நின்ற நாரைகள் ஒரு காலையில் மொத்தமாகக் கிளம்பி மேற்கே போயின. கடல் உறுமவில்லை, ஆழத்தில் ஏதோ இரைவதுபோல ஒரு ஒலி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. காதில் விழுந்ததைவிட அது பாதத்தில்தான் அதிகம் தெரிந்தது.

மற்ற ஆண்டுகளாக இருந்தால் விலங்குகள் அன்றே மேட்டைத் தாண்டியிருக்கும். இந்த ஆண்டு யாரும் அசையவில்லை. ஊளையன் இருக்கும்போது என்ன பயம் என்று முயல்கள் சொல்லின. மான் மந்தையை நடத்தும் மையாள் என்ற மூத்த பெண்மான்தான் பிடிவாதமாக நின்று, எதற்கும் சரிவில் போய் இருப்போம் என்று எல்லோரையும் கிளப்பியது. அவை போய்ச் சேரவும் காற்று வரவும் சரியாக இருந்தது.

ஊளையன் உச்சிக்கு ஏறியது. ஏறத்தான் வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே நிற்கவே முடியவில்லை. வடக்கிலிருந்து வந்த காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. ஊளையன் தலையைத் தூக்கி அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டது. சத்தம் வெளியே வந்ததா என்றே அதற்குத் தெரியவில்லை. தன் ஊளை தன் காதிலேயே விழவில்லை. வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து தொண்டையை அடைத்தது. கண்ணெதிரில் ஒரு பாலை மரம் வேரோடு சாய்ந்தது. சாய்ந்த மரம் தரையில் கிடக்காமல் நகர்ந்து போனது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் பறந்தது. பகல் நேரம்தான், ஆனாலும் பத்தடி தள்ளி இருந்த புதர் தெரியவில்லை.

ஊளையன் வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு தவழ்ந்தது. ஒரு வேருக்கு அடியில் பள்ளம் இருந்தது. அதற்குள் நுழைந்து, மூக்கை வாலுக்குள் புதைத்துக்கொண்டு அழுதது. 'நான் யாரை விரட்டப் பார்த்தேன்' என்று நினைத்தது. 'இதையா?'

எவ்வளவு நேரம் கிடந்தது என்று அதற்கு நினைவில்லை.

திடீரென்று சத்தம் நின்றது.

இலை நுனியிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. ஊளையன் பள்ளத்திலிருந்து தலையை நீட்டியது. வெயில் அடித்தது.

அது வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தது, பார்த்தபடியே நின்றுவிட்டது.

தலைக்கு நேர் மேலே வட்டமாக நீலவானம். அந்த நீலத்தைச் சுற்றி நாலாபுறமும் வெள்ளை மதில். மேகத்தாலான மதில்தான் அது. தரையிலிருந்து எழும்பி, மலையை மலைமேல் அடுக்கியதுபோல உயர்ந்து, மேலே போகப் போகச் சற்று விரிந்து, வெயிலில் பளபளவென்று மின்னியது. அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை பெரியது சத்தமே இல்லாமல் சுற்றியது. உலகத்தின் எல்லாத் தண்ணீரும் சேர்ந்து ஒரு கிணறு கட்டி, அந்தக் கிணற்றின் அடியில் தன்னை விட்டுவிட்டதுபோல நரிக்குத் தோன்றியது. காது அடைத்துக்கொண்டது. மூச்சு விடுவதே தப்பு என்பதுபோல இருந்தது.

மதிலுக்குள் பறவைகள் சுற்றின. நூற்றுக்கணக்கான வெள்ளைப் பறவைகள், மிக உயரத்தில், பொடிப்பொடியாக.

சரிவிலிருந்து மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவையும் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றன. ஒரு பன்றி முன்காலை மடித்து மண்டியிட்டுவிட்டது. முதலில் பேசியது பஞ்சிதான்.

"அண்ணே, நிறுத்திட்டீங்களே."

எல்லாக் கண்களும் ஊளையன் பக்கம் திரும்பின. அந்தக் கண்களைப் பார்க்கப் பார்க்க, வேருக்கு அடியில் அழுதது அதற்கு மறந்துபோனது. 'ஒருவேளை நிஜமாகவே நான்தானோ' என்று நினைத்தது. காற்று நின்றிருக்கிறது. வெயில் அடிக்கிறது. ஊளையிட்டது நான்தானே? அதன் நெஞ்சு விரிந்தது.

தெற்கே இன்னொரு அதிசயம் காத்திருந்தது. இவ்வளவு நேரம் அடித்த வடகாற்று கடலையே தள்ளிக்கொண்டு போயிருந்தது. அலையைக் காணோம். கடலின் தரை வெளியே கிடந்தது. பச்சைப் பாசி விரித்த மேடுகள், இதுவரை யாரும் பார்க்காத சங்குகள், சிறு குழிகளில் துள்ளும் மீன்கள். பன்றிகள் மூக்கை நீட்டிக்கொண்டு இறங்கின. முயல்கள் ஈர மணலில் ஓடின. மான்களும் போயின. அத்தனை நேரம் பயந்து ஒடுங்கிய உடம்புகள் வெயிலைக் கண்டதும் நீட்டி நிமிர்ந்தன.

அப்போது ஊளையனின் காலடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது.

ஒரு ஆலா. கடலின் நடுவிலேயே திரியும் வெள்ளைப் பறவை. இறகுகள் பிய்ந்திருந்தன. அலகு திறந்தபடி மூச்சு வாங்கியது. நரி இத்தனை பக்கத்தில் இருந்தும் நகரவில்லை. நகரத் தெம்பு இல்லை.

எங்கிருந்து வருகிறாய் என்று ஊளையன் கேட்டது.

ஆலா தலையை ஆட்டி அந்த வெள்ளை மதிலைக் காட்டியது. தான் வரவில்லை, அதுதான் தன்னைக் கொண்டுவந்தது என்றது. நாள்கணக்காக இந்த வட்டத்துக்குள்ளேயே பறந்துகொண்டிருப்பதாகச் சொன்னது. மதிலைத் தாண்டி வெளியே போகப் பார்த்த பறவைகள் திரும்பி வரவில்லை. அதனால் வட்டம் போகும் இடமெல்லாம் அவையும் போக வேண்டியிருந்தது.

"வட்டம் போகிறதா?" என்றது ஊளையன். "நான்தான் அதை நிறுத்திவிட்டேனே."

"எதை?"

"புயலை."

ஆலா அதை ஏறிட்டுப் பார்த்தது. கேலி செய்யக்கூட அதற்குத் தெம்பில்லை.

"இது புயலோட நடு. நீ அதுக்குள்ளே நிக்கிற" என்றது. "பாதிதான் போயிருக்கு. வழியில ஒரு தீவுல இதே மாதிரி வெயில் வந்துச்சு. அங்க இருந்ததெல்லாம் வெளிய வந்துச்சு. அந்தப் பக்கத்து மதில் வந்தப்போ காத்து நேர் எதிரா அடிச்சது. தள்ளிவிட்ட கடலை அதுவே திருப்பிக் கொண்டுவந்துச்சு. அப்புறம் மேலேருந்து பார்த்தேன். தீவைக் காணோம்."

ஊளையன் தெற்கே பார்த்தது. வெறும் கடல்தரையில் முயல்குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"அதுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்று மெதுவாகக் கேட்டது.

"கோபமா?" என்றது ஆலா. "நாம இருக்கோம்னே அதுக்குத் தெரியாது."

நரி மறுபடி அண்ணாந்து பார்த்தது. மேற்கே மதில் விலகிப் போயிருந்தது. கிழக்கு மதில் நெருங்கியிருந்தது. அதன் அடிப்பகுதி வெள்ளையாக இல்லை, கன்னங்கரேல் என்றிருந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை ஒரு ஊளை திருப்பியது என்று நினைத்ததை எண்ணி அதற்கு உடம்பு கூசியது.

தெற்குச் சரிவு இனி ஒண்ட இடமாகாது. காற்று தெற்கிலிருந்துதான் வரும். எல்லோரும் மேட்டைத் தாண்டி வடபுறம் போயாக வேண்டும். ஊளையன் ஆலாவை அலுங்காமல் கவ்வி, மேட்டின் வடபுறத்தில் விழுந்து கிடந்த ஒரு தடித்த மரத்துக்குக் கீழே விட்டது. பிறகு கடல்தரையை நோக்கிப் பாய்ந்து ஓடியது.

உண்மையைச் சொல்ல அதற்கு அப்போதும் வாய் வரவில்லை. எல்லோரும் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போங்கள் என்று மட்டும் உத்தரவு போட்டது. புயல் திரும்பவும் வரக்கூடும் என்றது.

வந்தால் என்ன, இன்னொரு முறை ஊளையிட்டால் போகிறது என்று பன்றிகள் மீனைத் தின்றுகொண்டே சொல்லின.

தொண்டை களைத்துவிட்டது என்றது ஊளையன்.

அப்படியானால் கொஞ்சம் ஓய்வெடுங்கள், அதுவரை நாங்கள் சத்தம் போடமாட்டோம் என்று முயல்கள் சொல்லின.

கிழக்கே கறுப்பு இன்னும் நெருங்கியிருந்தது. உயரத்தில் சுற்றிய பறவைகள் மேற்கே நகரத் தொடங்கின. அவை வட்டத்தோடு போய்க்கொண்டிருந்தன.

ஊளையன் ஒரு பாறைமேல் ஏறி நின்றது.

"நான் புயலை விரட்டல" என்று கத்தியது. "ஒரு தடவைகூட விரட்டல. முதல்ல பயத்துல கத்தினேன். அது தானா போச்சு. நீங்க என்னைச் சொன்னீங்க, நான் சும்மா இருந்துட்டேன். இன்னைக்கு வேருக்கு அடியில படுத்து அழுதேன். என்னால ஒண்ணும் ஆகாது. ஓடுங்க."



பஞ்சி அன்போடு சொன்னது: "பார்த்தீங்களா, இவ்வளவு செஞ்சுட்டும் எவ்வளவு அடக்கமாப் பேசுறாரு."

மற்றவை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின. மையாள் மட்டும் நரியின் முகத்தை உற்றுப் பார்த்தது. அதன் காதுகள் விறைத்தன. உடனே மந்தையைத் திருப்பிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடத் தொடங்கியது. முயல்களும் பன்றிகளும் அசையவில்லை.

ஊளையனுக்கு ஒன்று புரிந்தது. தான் இங்கே நிற்கும்வரை இவை ஓடாது. தன்மேல் வைத்த நம்பிக்கைதான் இவற்றை இந்த மணலில் கட்டிப்போட்டிருக்கிறது. சொல்லால் அதை அவிழ்க்க முடியாது.

அது பாறையிலிருந்து குதித்தது. உதடு விலகிப் பல் வெளியே தெரிந்தது. பக்கத்திலிருந்த பன்றியின் தொடையில் கடித்தது. ரத்தம் வரும்படி கடித்தது. பன்றி அலறிக்கொண்டு ஓட, மற்றப் பன்றிகளும் கூடவே ஓடின. ஊளையன் உறுமிக்கொண்டு முயல்களுக்கு நடுவே பாய்ந்தது. முயல்கள் சிதறின. கடல் பக்கம் சிதறியவற்றைச் சுற்றி வளைத்து, மேட்டுப் பக்கம் விரட்டியது. கூட்டத்தில் யாரோ, "நரி, நரி" என்று கத்தினார்கள். பழைய பயம் ஒரே நொடியில் திரும்பி வந்துவிட்டது.

பஞ்சி மட்டும் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி ஊளையனையே பார்த்தது. அதற்கு நம்ப முடியவில்லை.

ஊளையன் நேராகப் பஞ்சியிடம் போனது. அதன் கண் முன்னாலேயே கடைசிக் குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு ஓடியது.

அப்போது பஞ்சி போட்ட கூச்சலை ஊளையன் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை. மற்ற இரண்டு குட்டிகளும் அம்மாவைத் தொடர, பஞ்சி நரியின் வாலை விடாமல் துரத்தியது. சேற்றைத் தாண்டி, சரிவில் ஏறி, உச்சியைக் கடந்து துரத்தியது. வடபுறத்தில் மரங்கள் விழுந்து பின்னிக் கிடந்த இடத்தில் ஊளையன் குட்டியைக் கீழே வைத்தது. பஞ்சி பாய்ந்து குட்டியை மறைத்துக்கொண்டு, பின்காலால் நரியின் முகத்தில் ஓங்கி உதைத்தது.

வெயில் அணைந்தது.

இந்த முறை காற்று மெல்ல மெல்ல வரவில்லை. ஒரே அடியாக வந்தது, தெற்கிலிருந்து. கூடவே ஒரு சத்தம். அதுதான் கடல். போன கடல் முழுவதும் எழுந்து திரும்பி வந்தது. மேட்டின் அந்தப் பக்கம் அது வந்து மோதிய ஒவ்வொரு முறையும், இந்தப் பக்கம் தரை அதிர்ந்தது. உச்சிக்கு மேலே நுரை எழும்பிக் கூட்டங்கூட்டமாகப் பறந்தது. மீன்கள் பறந்தன. காற்று ஒரு முழுப் புதரைப் பிடுங்கித் தலைக்கு மேலே கொண்டுபோனது. மானும் முயலும் பன்றியும் யார் யாரை மிதிக்கிறோம் என்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கிக் கிடந்தன. ஊளையனும் அவற்றோடு கிடந்தது. யாரும் அதை விரட்டவில்லை. விரட்டுவதற்குக் கண்ணைத் திறந்தால்தானே?

சாயங்காலம் எல்லாம் அடங்கியது.

மையாள் முதலில் உச்சிக்கு ஏறிப் பார்த்தது. அது அசையாமல் நிற்பதைக் கண்டு மற்றவையும் ஏறின. தெற்குச் சரிவைக் காணவில்லை. அவை ஒண்டியிருந்த புதர்கள் இல்லை. சேற்றுவெளி இல்லை. மணல்மேட்டையே பாதி வெட்டி எடுத்ததுபோலச் செங்குத்தாக இருந்தது. அதன் அடியில் கடல். வெகு அமைதியான கடல். தான் செய்தது தனக்கே தெரியாததுபோல அது மின்னிக்கொண்டிருந்தது.

 

பஞ்சி தன் குட்டியின் கழுத்தை நக்கி நக்கிப் பார்த்தது. எச்சில் ஈரம்தான் இருந்தது. பல் பட்ட தடம்கூட இல்லை. அது எழுந்து ஊளையன் இருந்த இடத்துக்கு வந்தது. பழையபடி பக்கத்தில் வரவில்லை. தாவினால் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டது.

"ஏன் கடிக்கல?" என்றது.

"உன்னை ஓட வைக்கத்தான் தூக்கினேன். சொன்னப்போ நீ நம்பல."

"அந்த முதல் புயல்?"

"பயத்துல கத்தினேன். அவ்வளவுதான்."

பஞ்சி கடல் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"நாங்களும் பயத்துலதான் நம்பினோம்" என்றது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஆலாவின் இறகுகள் தேற நாள் பிடித்தது. ஊளையன் அதற்குச் சிறு மீன்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டது. பறக்க முடிந்த அன்று காலையில் அது கிழக்கே, கடலை நோக்கியே கிளம்பியது. இவ்வளவு பட்ட பிறகும் அங்கேயா போகிறாய் என்று நரி கேட்டதற்கு, வேறு எங்கே மீன் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனது.

மார்கழி நடுவில் மறுபடியும் தொடுவானம் செம்பு நிறமானது. விலங்குகள் மேட்டில் கூடின. பன்றிகள் பழக்கத்தில் ஊளையன் பக்கம் திரும்பி, எந்தப் பக்கம் ஒண்டலாம் என்று கேட்டன.

"தெரியாது" என்றது ஊளையன். "காத்து எந்தப் பக்கம்னு பார்ப்போம். மாறினா நாமளும் மாறுவோம்."

மையாள் அதுதான் சரி என்றது. எல்லோரும் காற்றைப் பார்த்து நகர்ந்தார்கள். வெளிச்சம் குறையக் குறைய, அந்தப் பெரிய மேகம் வெகுதூரத்தில், தன்பாட்டுக்கு, கடல்மேல் நடந்து போய் மறைந்தது. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அது போவதைப் பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஒட்டியபடி வெகுநேரம் நின்றார்கள்.

தன்னால் ஆகாததைத் தன்னால் ஆகும் என்று பிறர் நம்பும்படி விட்டுவிடுகிறவன், அந்த நம்பிக்கையாலேயே அவர்களைக் கொண்டுபோய் ஆபத்தின் நடுவில் நிறுத்துகிறான்.